ஷாஸ்டா டெய்சி: விதை முதல் பூ வரை, குளிர்நாட்டுத் தோட்டத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஜூன் கடைசியில் கனடாவின் ரொறன்ரோ, மார்க்கம், பிரம்டன் பக்கம் வீட்டு முகப்புகளில் வெள்ளை இதழும் மஞ்சள் நடுவுமாகக் கூட்டமாய் நிற்கும் பெரிய பூ பெரும்பாலும் ஷாஸ்டா டெய்சிதான். ஒருமுறை வைத்தால் வருடா வருடம் தானே துளிர்க்கும் பல்லாண்டுச் செடி. ஒரு பாக்கெட் விதையின் விலைக்கு நர்சரியில் ஒரு தொட்டிச் செடிகூடக் கிடைக்காது. விதையில் தொடங்கினால் அதே காசில் ஒரு பாத்தியையே நிரப்பிவிடலாம்.

முளைக்க வைப்பதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. இந்தச் செடியில் ஆட்கள் தோற்பது இரண்டு இடங்களில். ஒன்று, எந்த வகை என்று பார்க்காமல் விதை வாங்கிவிட்டு முதல் கோடையிலேயே பூவுக்குக் காத்திருப்பது. இரண்டு, தண்ணீர் தேங்கும் மண்ணில் நட்டுவிட்டு, செடி செத்ததும் குளிர்மீது பழியைப் போடுவது. −25 பாகை செல்சியஸைத் தாங்குகிற செடி இது. ஈரத்தில் ஊறிய தூரோடு பனிக்காலத்தைக் கடக்கத்தான் இதனால் முடியாது.

இது காட்டுப்பூ அல்ல, மனிதர் உருவாக்கிய கலப்பினம். அமெரிக்காவின் லூதர் பர்பேங்க் கலிபோர்னியாவின் சாண்டா ரோசாவில் 1884 வாக்கில் தொடங்கி, ஐரோப்பிய டெய்சிகளை ஒன்றோடொன்று கலந்து, இன்னும் தூய வெள்ளைக்காக ஜப்பானிய நிப்பான் டெய்சியையும் சேர்த்ததாகச் சொன்னார். 1901இல் வெளியிட்டு, பனி மூடிய ஷாஸ்டா மலையின் பெயரையே வைத்தார். கலப்பினம் என்பது வெறும் வரலாற்றுத் தகவல் அல்ல. விதை எடுக்கும்போது இதுதான் வந்து முன்னால் நிற்கும்.

எந்த விதையை வாங்குவது

பழைய, நம்பகமான வகை அலாஸ்கா. 60 முதல் 75 செ.மீ. உயரம், 7–8 செ.மீ. அகலப் பூ, நீண்ட காம்பு. கொய்து ஜாடியில் வைக்க இதைவிட நல்லது தேட வேண்டாம். ஆனால் இதற்கு ஒரு பனிக்காலம் தேவை. வளர்ந்த செடி பல வாரம் குளிரில் கிடந்தால்தான் அடுத்த கோடையில் ஒழுங்காகப் பூக்கும். மார்ச்சில் விதைத்தால் முதல் ஆண்டு இலைக்கொத்துதான். மிஞ்சினால் ஒன்றிரண்டு பூ வரலாம்.

முதல் ஆண்டே பூ வேண்டுமென்றால் ஸ்னோ லேடி. 25–30 செ.மீ. குள்ளம், குளிருக்குக் காத்திருக்காது, தொட்டிக்கும் பாத்தியின் முன் ஓரத்துக்கும் பொருத்தம். சில்வர் பிரின்சஸ்ஸும் அதே உயரம். கிரேஸி டெய்சி அடுக்கு இதழ் வகை. ஒரே பாக்கெட்டில் சில செடி அடுக்காகவும், சில பாதியாகவும், சில ஒற்றையாகவும் வரும். பாக்கெட் படத்தில் இருப்பது அந்தக் கூட்டத்திலேயே சிறந்த பூ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெக்கி என்ற வகையைப் பலர் விதையாகத் தேடுகிறார்கள். 2003இல் ஆண்டின் சிறந்த பல்லாண்டுச் செடியாகத் தேர்வானது அது. காம்பு சாயாது, வெக்கையைத் தாங்கும். ஆனால் தூர் பிரித்தும் தண்டு வெட்டியும்தான் அதைப் பெருக்குவார்கள். பெக்கி விதை என்று விற்றால் அதில் முளைப்பது பெக்கியாக இருக்காது. அது வேண்டுமென்றால் செடியாகவே வாங்கிவிடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. காட்டுப்பூக் கலவை என்று விற்கும் பாக்கெட்டுகளில் ஆக்ஸ்-ஐ டெய்சி இருக்கலாம். பார்க்க ஷாஸ்டாவின் தங்கை மாதிரி இருக்கும், குணம் வேறு. வேரோடியும் விதை சிந்தியும் புல்வெளியைப் பிடித்துக்கொள்ளும். ஆல்பர்ட்டாவிலும் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் அது தீங்குக் களைப் பட்டியலில் இருக்கிறது. காஷ்மீர்ப் பள்ளத்தாக்கிலும் அந்நியக் களையாகப் பரவியிருக்கிறது. அடையாளம் அடியிலையில் இருக்கிறது. ஆக்ஸ்-ஐ இலை சின்னக் கரண்டி வடிவில், ஓரம் ஆழமாக வெட்டுப்பட்டு இருக்கும், பூ 3–5 செ.மீ. தான். ஷாஸ்டா இலை நீளமாக, தடித்து, பளபளப்பாக, ஓரத்தில் ரம்பப்பல் மட்டும் கொண்டிருக்கும்.

எப்போது விதைப்பது

மூன்று வழி உண்டு. தேதிகள் ரொறன்ரோ வட்டாரத்துக்கு. மொன்றியல், ஒட்டாவாவில் இரண்டு வாரம் தள்ளிப்போடுங்கள். இங்கிலாந்தின் லண்டனில் இரண்டு மூன்று வாரம் முந்தலாம்.

வீட்டுக்குள்: கடைசி உறைபனிக்கு 8–10 வாரம் முன்பு, அதாவது மார்ச் முதல் பாதியில். விளக்கு வேண்டும். முதல் ஆண்டே பூக்கும் வகைகளுக்கு இதுதான் வழி.

நேரே வெளியே: மே கடைசியிலிருந்து ஜூலை நடு வரை ஒரு ஓரப் பாத்தியில் விதைத்து, செப்டம்பர் முதல் வாரத்தில் நிரந்தர இடத்துக்கு மாற்றுவது. அலாஸ்காவுக்கு இது போதும். மண் உறைவதற்கு ஆறு வாரமாவது முன்பு நட்டாக வேண்டும். வேர் பிடிக்காத கன்றை உறைபனி அப்படியே மேலே தள்ளிவிடும்.

பனியில் விதைப்பது: ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டப்பாவின் அடியிலும் மூடியிலும் துளை போட்டு, 8–10 செ.மீ. கலவை நிரப்பி, ஜனவரி–பிப்ரவரியில் விதைத்து வெளியே வைத்துவிடுவது. அமெரிக்காவில் பால் குடுவையை வெட்டிச் செய்வார்கள். ஒன்ராறியோவில் பால் பையில் வருவதால் பெரிய தண்ணீர்ப் போத்தலோ கேக் டப்பாவோ எடுத்துக்கொள்ளலாம். ஏப்ரலில் வெயில் ஏறியதும் தானே முளைக்கும். விளக்கு வேண்டாம், வெளியே பழக்கும் வேலையும் அநேகமாக மிச்சம். ஏப்ரல் வெயிலில் மூடிய டப்பா அடுப்பாகிவிடும் என்பதால் முளை கண்டதும் பகலில் மூடியைத் திறந்துவிட மறக்கக் கூடாது.

விதைப் பாக்கெட்டை ஃப்ரிட்ஜில் வைத்தால் முதல் ஆண்டே பூக்கும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. பலன் இல்லை. குளிர் பட வேண்டியது இலை விட்ட செடிக்கு, உலர்ந்த விதைக்கு அல்ல.

தட்டில் விதைத்தல்

20 செடி வேண்டுமென்றால் 40 விதை போதும். தேவையானவை: 72 குழித்தட்டு ஒன்று, அதன் கீழ் வைக்கத் துளையில்லாத தட்டு, விதைக்கலவை, கொஞ்சம் வெர்மிகுலைட் (ஈரம் பிடிக்கும் லேசான கனிமத் துகள்), நான்கடி எல்இடி விளக்கு.

பழைய தட்டு என்றால் ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவைத்துக் கழுவுங்கள். தோட்ட மண் வேண்டாம். அதில் கட்டியும் நோய்க்கிருமியும் சேர்ந்தே வரும். நீங்களே கலப்பதென்றால் ஊறவைத்த தேங்காய் நார்க்கழிவு இரண்டு பங்கு, பெர்லைட் (தண்ணீர் வடிய உதவும் லேசான வெள்ளைத் துகள்) ஒரு பங்கு. இதில் சத்து கிடையாது என்பதால் பிறகு உரத்தண்ணீர் அவசியம்.

கலவையை முதலிலேயே நனைத்துவிடுங்கள். கையில் பிடித்து அழுத்தினால் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும், ஒழுகக் கூடாது. குழியில் நிரப்பி லேசாகத் தட்டுங்கள், அமுக்க வேண்டாம்.

விதையை வெள்ளைத் தாளில் கொட்டிப் பாருங்கள். நல்ல விதை 2–3 மி.மீ. நீளத்தில் கருத்து, நெடுக வெளிறிய வரி வரியாக இருக்கும். வெளிறிச் சப்பையாக, ஊதினால் பறப்பது பதர். ஒரு குழிக்கு இரண்டு நல்ல விதை வைத்து விரல் நுனியால் அழுத்துங்கள். மேலே 2–3 மி.மீ. வெர்மிகுலைட், அவ்வளவுதான். வெளிச்சம் பட்டால் நன்றாக முளைக்கும் விதை இது. ஒரு செ.மீ. ஆழத்தில் புதைத்தால் பாதி வராது.

கலவையின் சூடு 18–21 பாகை இருக்கட்டும். இங்கே பேஸ்மென்ட் மார்ச்சில் 15–16 பாகைதான் இருக்கும், முளைப்பு இழுத்துக்கொண்டே போகும். சமையலறை அலமாரி மேலோ சூட்டுப் பாயிலோ வையுங்கள். பிளாஸ்டிக் மூடி போட்டால் ஈரம் காயாது. 10–14 நாளில் முளை தெரியும், பின்தங்கியவை மூன்று வாரம் வரை எடுக்கும். பாதி முளைத்ததும் மூடியை எடுத்துவிட வேண்டும்.

விளக்கு முளை தெரிந்த அன்றே வேண்டும். மார்ச் மாத ஜன்னல் வெளிச்சத்தை நம்பினால் நாற்று நூலாக நீண்டு சாயும், அதை மீட்க முடியாது. விளக்கைச் செடிக்கு மேல் 5–8 செ.மீ. உயரத்தில் தொங்கவிட்டு, தினம் 14–16 மணி நேரம் எரியவிட்டு, செடி உயர உயர ஏற்றுங்கள். முளைத்தபின் 15–18 பாகைச் சூடு போதும். அப்போது பேஸ்மென்ட்தான் நல்ல இடம், நாற்று குட்டையாக, உறுதியாக வளரும்.

தண்ணீரைக் கீழ்த்தட்டில் ஊற்றி, அரை மணி நேரம் உறிஞ்சவிட்டு, மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். மேல் கலவை வெளுத்த பிறகே அடுத்த முறை. முளை அடியில் சுருங்கிப் பழுத்த மாதிரி ஆகி ஒரே இரவில் கொத்தாகச் சாய்ந்தால் அது நாற்றழுகல் நோய். மண்ணில் வாழும் பூஞ்சைகள் ஓயாத ஈரத்தாலும் காற்றோட்டம் இல்லாமையாலும் பெருகி அடித்தண்டைத் தின்பதால் வருவது. சாய்ந்தது சாய்ந்ததுதான். அந்தக் குழிகளைக் கலவையோடு அகற்றிவிட்டு, சின்ன மின்விசிறி ஒன்றை லேசாக ஓடவிட்டால் மற்றவை தப்பும்.

முதலில் வரும் இரண்டும் விதையிலை. அதன்பின் உண்மையிலை இரண்டு ஜோடி வந்ததும் குழிக்கு ஒன்றை விட்டு மற்றதைக் கத்தரியால் வெட்டுங்கள். பிடுங்கினால் பக்கத்து வேரும் ஆடும். வேர் குழியைச் சுற்றத் தொடங்கியதும் 9 செ.மீ. தொட்டிக்கு மாற்றுங்கள். இலையைப் பிடித்துத் தூக்க வேண்டும், தண்டை நசுக்கினால் நாற்று போச்சு. வளரும் குருத்து மண்ணுக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை திரவ உரத்தைப் பாக்கெட்டில் சொன்னதில் பாதி அளவில் கொடுத்தால் போதும். நுனி கிள்ளும் வேலை இல்லை. இது தரையோடு இலைக்கொத்தாக வளரும் செடி.

வெளியே பழக்குதல்

மே தொடக்கத்தில், காற்றில்லாத நிழலில் இரண்டு மணி நேரம். பிறகு தினமும் ஒன்றிரண்டு மணி கூட்டி, நாலாம் நாளிலிருந்து காலை வெயில், எட்டாம் நாள் முழு வெயில், பத்தாம் நாள் இரவும் வெளியே. அவசரப்பட்டால் இலை வெள்ளைத் திட்டாகக் கருகும். நோய் இல்லை, வெயில் சுட்டது. புதிய இலை சரியாக வரும். பழகிய செடி லேசான உறைபனியைத் தாங்கும் என்பதால் தக்காளி மாதிரி மே பிற்பகுதியில் வரும் விக்டோரியா தினம் வரை காத்திருக்கத் தேவையில்லை.

பாத்தி

இந்தச் செடி வாழ்வதும் சாவதும் இங்கேதான் முடிவாகிறது. ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். நிழலில் காம்பு நீண்டு சாயும், பூ குறையும்.

ரொறன்ரோ சுற்றுவட்டாரப் புதிய குடியிருப்புகளில் பல இடங்களில் புல்லுக்குக் கீழே கையளவு மேல்மண், அதற்கடியில் கட்டுமான வண்டிகள் மிதித்து இறுகிய களிமண். சோதித்துப் பாருங்கள். 30 செ.மீ. ஆழக் குழி தோண்டி, தண்ணீர் நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்புங்கள். இரண்டாம் முறை நாலு மணி நேரத்துக்கு மேலும் தண்ணீர் நின்றால் அங்கே நேரடியாக நடக் கூடாது. 15–20 செ.மீ. உயர்த்திய பாத்தி போடுங்கள், அல்லது சரிவான இடத்துக்குப் போங்கள். களிமண்ணில் மணல் கலப்பது பலர் செய்யும் தவறு. கொஞ்சம் மணல் போட்டால் அது செங்கல் மாதிரி இறுகும். மட்கு உரம்தான் மருந்து.

ஒரு மீட்டருக்கு இரண்டு மீட்டர் பாத்தி என்றால் 5 செ.மீ. கனத்துக்கு மட்கு பரப்ப 100 லிட்டர் பிடிக்கும். 30 லிட்டர் பை மூன்று நாலு. அதை 20–25 செ.மீ. ஆழம் வரை கொத்திக் கலக்குங்கள். அமில காரச் சமநிலை 6.5–7.5 இருந்தால் நல்லது; இந்த வட்டார மண் பெரும்பாலும் காரப் பக்கம்தான், சுண்ணாம்பு தேவையில்லை. புல்தரைக்குப் போடும் தழைச்சத்து உரத்தை இந்தப் பக்கம் கொண்டுவராதீர்கள். இலை செழிக்கும், காம்பு சாயும், பூ குறையும்.

அலாஸ்காவுக்கு 45–50 செ.மீ. இடைவெளி, மேலே சொன்ன பாத்தியில் எட்டுச் செடி. குள்ள வகைக்கு 30 செ.மீ. முதல் வருடம் மொட்டையாகத் தெரியும், நெருக்கி நடக் கை பரபரக்கும். நெருக்கினால் இரண்டாம் வருடம் காற்றோட்டம் இல்லாமல் இலைப்புள்ளி நோய் வரும்.

இலைக்கொத்து வேரோடு சேரும் தூர் மண் மட்டத்தில் நிற்க வேண்டும். களிமண்ணில் ஒரு செ.மீ. மேலே நின்றாலும் நல்லது, மண் படிந்ததும் சரியாகிவிடும். புதைந்தால் அழுகும். நட்டதும் வேர் வரை நன்றாக நனையத் தண்ணீர். முதல் கோடையில் மழையும் சேர்த்து வாரம் 2.5 செ.மீ. தண்ணீர் போக வேண்டும். வெறும் டப்பா ஒன்றைப் பாத்தியில் வைத்தால் அளந்துகொள்ளலாம். இரண்டாம் ஆண்டு முதல் காய்ந்த வாரங்களில் மட்டும் ஊற்றினால் போதும்.

பூக்காலம்

ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை. வாடிய பூவைத் தலையோடு மட்டும் கிள்ளாமல், காம்பில் அடுத்த பக்கமொட்டோ இலையோ இருக்கும் இடம் வரை இறக்கி வெட்டுங்கள். பக்கமொட்டு இல்லையென்றால் அடிவரை. முதல் அலை முடிந்ததும் எல்லாக் காம்பையும் அடியிலைக்கு மேலே வெட்டினால் செப்டம்பரில் சிறிய இரண்டாம் அலை கிடைக்கலாம். அலாஸ்காவுக்கு ஜூன் தொடக்கத்திலேயே மூங்கில் குச்சியும் கயிறும் கட்டிவிடுங்கள். மழையில் சாய்ந்தபின் கட்டினால் காம்பு வளைந்தே நிற்கும்.

ஜாடிக்கு வெட்டுவதென்றால் இதழ் முழுதும் விரிந்து, மஞ்சள் நடுவின் வெளி வளையம் மட்டும் மலர்ந்திருக்கும் பதத்தில் வெட்டுங்கள். அந்த நடு ஒரே பூவல்ல, நூற்றுக்கணக்கான சிறு பூக்கள் ஓரத்திலிருந்து உள்நோக்கி மலர்வது. தினம் தண்ணீர் மாற்றினால் ஒரு வாரம் தாராளமாக நிற்கும். இன்னொன்று: இந்தப் பூவுக்கு வாசம் கிடையாது, லேசான நாற்றம்தான் உண்டு, ஈக்கும் அது பிடிக்கும். சாப்பாட்டு மேசைக்கும் படுக்கையறை ஜன்னலடிக்கும் இது தோதல்ல.

பூச்சியும் நோயும்

மொட்டுக்குக் கீழே கொத்தாக அப்பியிருப்பது அசுவினி. தண்ணீர்க் குழாயால் பீய்ச்சி அடித்தால் பாதிப் பிரச்சினை தீரும், மிச்சத்துக்குப் பூச்சிச் சோப்புக் கரைசல். ஒன்ராறியோவில் 2009 ஏப்ரல் முதல் அழகுத் தோட்டங்களுக்கான இரசாயனப் பூச்சிக்கொல்லிகளுக்குத் தடை இருப்பதால் ஊரில் அடிக்கிற மருந்துகளைத் தேடிப் பயனில்லை. இளந்தளிரில் ஓட்டையும் பளபளக்கும் தடமும் இருந்தால் ஓடில்லா நத்தை. இரவில் டார்ச்சோடு போய்ப் பொறுக்குவதுதான் நிச்சயமான வழி.

ஜூனில் இலை முழுக்க 1–2 மி.மீ. வட்டமாகக் குழிந்த கரும்புள்ளிகள் வரிசையாக வந்தால் பூஞ்சை என்று நினைத்து இலையைப் பறிப்பார்கள். இலையைச் சட்டென்று திருப்பிப் பாருங்கள், பச்சை மஞ்சள் முதுகில் நாலு கறுப்புக் கோடு போட்ட பூச்சி ஓடி ஒளியும். சாறு உறிஞ்சிய தடம்தான் அந்தப் புள்ளி. பக்கத்தில் புதினா இருந்தால் அதையும் விடாது. ஆண்டுக்கு ஒரு தலைமுறைதான், ஜூலையில் தானே ஓய்ந்துவிடும். இலை அசிங்கமானாலும் செடி சாகாது. பெரிய பழுப்புத் திட்டு கீழிலையில் தொடங்கி மேலே ஏறினால்தான் பூஞ்சை. கீழிலைகளை அகற்றி, தலைக்கு மேல் தண்ணீர் தெளிப்பதை நிறுத்துங்கள்.

பனிக்காலம்

அக்டோபர் கடைசியில் பூக்காம்புகளை வெட்டுங்கள், அடியிலைக்கொத்தைத் தொட வேண்டாம். மூடாக்கை இப்போதே போடாதீர்கள். சூடு மாறாத மண்ணில் மூடாக்கு ஈரத்தைப் பிடித்துவைக்கும், எலிக்கும் வீடாகும். மேல்மண் உறைந்தபின், பெரும்பாலும் டிசம்பரில், வைக்கோலோ கிறிஸ்துமஸ் மரக் கிளைகளோ 5–8 செ.மீ. கனத்துக்குச் செடியைச் சுற்றிப் போடுங்கள். தூரின் மேல் கிளை மட்டும் இருக்கலாம், ஈர இலைக்குவியல் கூடாது. மூடாக்கின் நோக்கம் சூடாக வைப்பதல்ல, மண்ணை உறைந்தபடியே வைப்பது. மார்ச்சில் பகல் உருகி இரவு உறைந்து, உருகி உறைந்து, மண் செடியை வேரோடு மேலே தள்ளும். முதல் வருடக் கன்றுகள் அதிகம் போவது ஜனவரிக் குளிரில் அல்ல, இந்த மார்ச் ஆட்டத்தில்தான். தூர் வெளியே தெரிந்தால் மண் இளகியதும் காலால் மெல்ல அழுத்தி மட்டப்படுத்துங்கள்.

டிரைவ்வேயில் வாரிய பனியை இந்தப் பாத்தியில் குவிக்காதீர்கள். அதில் சாலை உப்பு இருக்கும். உருகும்போது நேரே வேருக்குப் போகும்.

தூர் பிரித்தல்

ஷாஸ்டா நீண்ட ஆயுள் செடி அல்ல. மூன்றாம் ஆண்டில் தூரின் நடு கட்டையாகிச் செத்து, சுற்றி மட்டும் வளையமாகத் துளிர்க்கும். இரண்டு மூன்று ஆண்டுக்கொரு முறை, ஏப்ரலில் துளிர் 5–8 செ.மீ. வந்ததும், முழுத் தூரையும் தோண்டி எடுத்து, மண்வெட்டியால் நாலாக வெட்டி, நடுக்கட்டையைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். மூன்று முதல் ஐந்து துளிரும் வேரும் உள்ள ஓரத்துண்டுகளை உடனே நடுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் நாலாம் வருடம் செடியே இல்லாமல் போகலாம். பலர் அதையும் குளிர்மேல்தான் போடுவார்கள்.

விதை எடுப்பதும் உண்டு. நடு பழுப்பாகிக் காய்ந்து, விரலால் தேய்த்தால் உதிரும் பதத்தில் பறித்து, ஒரு வாரம் நிழலில் காயவைத்து, காகித உறையில் போட்டு, ஃப்ரிட்ஜில் வையுங்கள். இரண்டு மூன்று ஆண்டுக்கு முளைப்புத் திறன் இருக்கும். கலப்பினம் என்பதால் பிள்ளைகள் தாயைப் போலவே வராது. உயரமும் இதழும் மாறும். பிடித்த செடி அப்படியே வேண்டுமென்றால் தூர்தான்.

மலைநாட்டுக்கு

ஊட்டி, குன்னூர், கொடைக்கானல், நுவரெலியா வாசகர்களுக்கு மேலே சொன்னதில் பனிக்காலப் பகுதி முழுக்கத் தேவையில்லை. அங்கே எதிரி மழை. விதைப்பை ஆகஸ்ட்–செப்டம்பரில் கூரையின் கீழ் செய்து, பருவமழை ஓய்ந்ததும் உயர்த்திய பாத்தியில் நட்டால், டிசம்பர்–ஜனவரி இரவுக் குளிரைச் செடி பார்த்துவிடும். அமிலத்தன்மை மிகுந்த மலை மண்ணுக்கு நடுவதற்கு ஒரு மாதம் முன்பே மண் பரிசோதனைப்படி சுண்ணாம்பு இட வேண்டும். சென்னை, மதுரை, யாழ்ப்பாணம் போன்ற சமவெளிக்கு இந்தச் செடியைப் பரிந்துரைக்க மாட்டோம். அங்கே டெய்சி குடும்பத்துப் பூ வேண்டுமென்றால் காஸ்மாஸ், கெயிலார்டியா, சாமந்தி எல்லாம் விதைத்த காசுக்குக் குறையில்லாமல் பூக்கும்.